மழை பெஞ்சாலும் ஆன் ஆகணும்: கம்ப்யூட்டர் கேள்வி பதில்

வீட்டு கம்ப்யூட்டர ஒருதடவ செட் பண்ணிட்டு வருஷக்கணக்கா நோண்டாம ஓட்ட முடியுமா, அது பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து கடிதம் வந்திருக்கு. செங்கோட்டைல இருந்துக்கிட்டே சாஃப்ட்வேர் வேலை பாக்குற நம்ம அண்ணாச்சி பதில் சொல்லுதார்.

அண்ணாச்சி, கம்பெனி பெங்களூர்ல, வேலை வீட்ல இருந்துதான். வருஷத்துக்கு ஒருதடவையாவது சிஸ்டம் குழம்பிப் போய் ஃபார்மட் பண்ண வேண்டியிருக்கு, ஒரு சனி ஞாயிறு அதுலயே போயிருது. இந்த தடவ காச போட்டு ஐ9, பெரிய கிராஃபிக்ஸ் கார்டுன்னு நல்லதா வாங்கிரலாம்னு இருக்கேன். சரிதானே?
- புளியரை வாசகர்

தம்பி, ஐ9-க்கும் ஃபார்மட்டுக்கும் சம்பந்தமே இல்ல. அந்த காச வேற எடத்துல போடலாம், சொல்லுதேன்.

நான் மெஷின் வாங்கும்போது முதல்ல கேக்குறது எவ்வளவு ஸ்பீடுன்னு இல்ல, இது செவ்வாக்கிழமை கெட்டுப்போனா புதன்கிழமை தென்காசில சாமான் கிடைக்குமான்னுதான். அப்படிப் பாத்தா பெரிய ஆபீஸ்கள்ல லீஸ் முடிஞ்சு வெளிய வர்ற குட்டி டெஸ்க்டாப்தான் எனக்கு முதல் சாய்ஸ். லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி, இந்த வகை. ஒரு தடி புஸ்தகம் சைஸுதான் இருக்கும். இன்டெல் எட்டாவது தலைமுறையோ அதுக்கு மேலயோ பாத்து எடுங்க, அதுல பேரு கடைசில 'டி' போட்ட சிபியுன்னா 35 வாட் வகை, சூடு கம்மி, ஃபேன் சத்தமும் கம்மி. ஐ5-8500டி மாதிரி ஒண்ணுல ஆறு கோர் இருக்கு, உங்க வேலைக்கு அது தாராளம். ரேம் லேப்டாப்ல போடுற அதே சின்ன ரேம், மூடிய கழட்டி நாமளே மாத்திரலாம். டாக்கர் கன்டெய்னர் (ப்ராஜெக்ட் சாமான அடி சிஸ்டத்துல கலக்காம தனியா வைக்கிற பெட்டி மாதிரி) நாலு ஓட்டுவீங்கன்னா 32 ஜிபி போட்டுருங்க, இல்லன்னா 16 போதும். சார்ஜர் வெளிய தனியா இருக்கும், பல மாடலுக்கு அதே பிராண்டு லேப்டாப் சார்ஜரே சேரும், அதனால ஸ்பேர் ஒண்ணு வாங்கி மேஜைக்குள்ள போட்டு வச்சுக்கிடலாம். எஸ்எஸ்டி (சுத்துற பாகம் இல்லாத டிஸ்க்) மட்டும் பழசு வேண்டாம், புதுசா டிஎல்சி வகை பாத்து வாங்குங்க, க்யூஎல்சி விலை கம்மிதான், ஆனா எழுதி அழிக்கிற ஆயுசும் கம்மி.

கிராஃபிக்ஸ் கார்டு, வீட்ல மாடல் ட்ரெயின் பண்ணுறது, வீடியோ எடிட்டிங் எதுவும் இல்லன்னா வேண்டவே வேண்டாம். இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸுக்கு டிரைவர் லினக்ஸ் (விண்டோஸுக்கு பதிலா போடுற இலவச சிஸ்டம்) கெர்னலோடயே, அதாவது அதோட அடிப்படை பாகத்தோடயே வந்துருது, என்விடியான்னா கெர்னல் அப்டேட் ஆகும்போது டிரைவரும் கூடவே ஒழுங்கா வந்துச்சான்னு பாத்துக்கிட்டு இருக்கணும், அந்த ஒரு கவலைய காசு குடுத்து வாங்குவானேன். மானிட்டரும் அப்படித்தான், 24 இன்ச்னா 1080, 27 இன்ச்னா 1440, ரெண்டுலயும் எழுத்து 100 சதவீதத்துலயே படிக்க ஆகும். சின்ன திரைல 4கே வாங்கி 125, 150ன்னு ஸ்கேல் பண்ண ஆரம்பிச்சா சில ஆப்ல எழுத்து மங்கும், அப்புறம் அதுக்கு ஒரு சனிக்கிழமை.

இப்ப ஃபார்மட் விஷயம். சிஸ்டம் குழம்புறது அதுவா குழம்புறது இல்ல. ப்ராஜெக்ட்டுக்கு ஒண்ணுன்னு நோட்.ஜெஎஸ் மூணு வெர்ஷன், ஜாவா ரெண்டு, எங்கயோ பாத்த ஸ்க்ரிப்ட்ட சூடோ போட்டு முழு அதிகாரத்தோட ஓட்டுனதுன்னு எல்லாத்தையும் அடி சிஸ்டத்துலயே கொட்டுனா அது எத்தனை நாளைக்குத் தாங்கும். ப்ராஜெக்ட் சாமான் எல்லாம் பாட்மேன், டாக்கர் மாதிரி கன்டெய்னருக்குள்ள இருக்கட்டும், வேலை முடிஞ்சா மொத்தமா தூக்கிப் போட்டுரலாம். அடி சிஸ்டத்துல என்னென்ன பேக்கேஜ் போட்டீங்கன்னு ஒரு சாதா டெக்ஸ்ட் ஃபைல், உங்க செட்டிங்ஸ் ஃபைல் எல்லாம் ஒரு கிட் ரெப்போ (மாத்துனத வரிசையா சேத்து வைக்கிற ஃபோல்டர்), சிஸ்டம் செட்டிங்ஸ் இருக்குற இ-டி-சி ஃபோல்டர்ல என்ன மாத்துனீங்கன்னு தானா குறிச்சு வைக்க 'எட்சிகீப்பர்'. இவ்வளவும் இருந்தா டிஸ்க்கே போனாலும் ஒரு சாயங்காலத்துல பழையபடி உக்காந்துரலாம், அந்த தைரியம் வந்ததுக்கப்புறம் ஃபார்மட் பண்ண வேண்டிய தேவையே பெருசா வராது, ஏன்னு கேட்டா எனக்கு விளக்கத் தெரியல, ஆனா அப்படித்தான் நடக்கு.

வீட்ல இன்வெர்ட்டர் இருக்குது, டியூப்லர் பேட்டரிதான், ஆனா கரண்ட் போனா ஃபேன், லைட் நிக்காம ஓடுது, கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிருது. போன ஐப்பசில ரவுட்டர் அடாப்டரும் இடில போயிருச்சு. என்னதான் பண்றதுங்க?
- கொழிஞ்சாம்பாறை வாசகி

இதுக்குதாங்க நான் முதல்லயே சொன்னது, காச சிபியுல போடாம இங்க போடுங்கன்னு. நம்ம பக்கம் கம்ப்யூட்டர கொல்றது வேகம் பத்தாதது இல்ல, கரண்டுதான்.

உங்க இன்வெர்ட்டருக்குப் பின்னாடி ஒரு சின்ன சுவிட்ச் இருக்கான்னு பாருங்க, நிறைய மாடல்ல யுபிஎஸ், ஈக்கோன்னு ரெண்டு போட்டிருக்கும், சிலதுல ஈக்கோவுக்கு பதிலா நார்மல்னு இருக்கும். கடைக்காரங்க மாட்டும்போது ஈக்கோல விட்டுட்டுப் போறது வழக்கம். ஈக்கோல லைன் போனதுக்கும் பேட்டரிக்கு மாறுறதுக்கும் நடுவுல இடைவெளி ஜாஸ்தி, ஃபேனுக்கு அது தெரியவே தெரியாது, கம்ப்யூட்டர் சப்ளைக்கு அதுவே போதும் படுத்துர்றதுக்கு. யுபிஎஸ் பக்கம் தள்ளுனா மாறுறது சட்டுன்னு நடக்கும். ஆனா ஒரு விஷயம் கடைல சொல்ல மாட்டாங்க, யுபிஎஸ் மோடுல அது ஏத்துக்கிற வோல்டேஜ் எல்லை குறுகல், உங்க தெருல சாயங்காலம் வோல்டேஜ் 180-க்கு கீழ எறங்குற வழக்கம் இருந்தா லைன் இருக்கும்போதே அது பேட்டரிக்குப் போயிரும், பேட்டரி சரியா சார்ஜ் ஏறாம சீக்கிரம் தேயும். அப்படி இருந்தா இன்வெர்ட்டர ஈக்கோலயே விட்டுட்டு கம்ப்யூட்டருக்கு மட்டும் தனியா 600 விஏ லைன் இன்டராக்டிவ் (வோல்டேஜ் ஏறி எறங்குனாலும் சமாளிக்கிற) யுபிஎஸ் ஒண்ணு வைங்க. அதுக்குள்ள இருக்குறது 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி, நம்ம வெயிலுக்கு ரெண்டு மூணு வருஷம் வரும், மாத்துற தேதிய பேட்டரி மேலயே மார்க்கர்ல எழுதி வச்சிருங்க. இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையா (கரண்ட்ட வழவழன்னு இல்லாம கட்டம் கட்டமா குடுக்குறது) இருந்தா அதையும் மாத்தத்தான் வேணும், சில நல்ல பவர் சப்ளைங்க ஸ்கொயர் வேவ்ல ஓடவே அடம் பிடிக்கும்.

இதெல்லாம் வேண்டாம்னு நினைச்சா ஒரு குறுக்கு வழி இருக்கு. ரீஃபர்பிஷ்டு லேப்டாப் ஒண்ண வாங்கி, மானிட்டர், கீபோர்டு மாட்டி டெஸ்க்டாப்பாவே வச்சுக்கிட்டா அதோட பேட்டரிதான் யுபிஎஸ். எப்பவும் சார்ஜர்லயே கிடக்கிறதால பேட்டரி உப்பிரும்னு ஒரு பயம் உண்டு, அது நியாயமான பயம்தான், சார்ஜ் 80-ஓட நிக்கிற மாதிரி செட்டிங் வச்சுக்கிடுங்க. திங்க்பேடுல எல்லாம் இது நல்லாவே வேலை செய்யும், லினக்ஸ்ல 2025-ல வந்த க்னோம் 48 டெஸ்க்டாப்ல செட்டிங்ஸ்லயே இதுக்கு ஒரு பட்டன் வந்துருச்சு.

இடி விஷயத்துல நம்ம ஊரு கணக்கு தனி. ஆனி ஆடி சாரல்ல இடி கம்மி, ஈரம்தான் ஜாஸ்தி. இடி எல்லாம் சித்திரை கோடை மழைலயும் ஐப்பசி கார்த்திகைலயும்தான், உங்க பக்கம் துலாவர்ஷம்னு சொல்லுவாங்களே, மத்தியானத்துக்கு மேல மேகம் கூடி வரும். ஃபைபர் கனெக்‌ஷன்ல அந்த கண்ணாடி நூல் வழியா கரண்ட் வராது, கூடவே இரும்புக் கம்பி வச்ச கேபிள்னா கம்பிய மட்டும் வீட்டுக்கு வெளியவே நிறுத்தச் சொல்லுங்க. உங்க ரவுட்டர் போனது பவர் லைன் வழியா வந்ததுலதான். சர்ஜ் ப்ரொடெக்டர் ஸ்ட்ரிப் போட்டா போதும்னு சொல்லுவாங்க, போடலாம், ஆனா மூணாவது பின்னுல எர்த் ஒழுங்கா இல்லன்னா அது பேருக்குத்தான். பழைய ஓட்டு வீடுகள்ல எர்த் குழி காஞ்சு போய் கிடக்கும், எலக்ட்ரீசியன வரச்சொல்லி அளந்து பாக்கச் சொல்லுங்க, நீங்களா பல்பு வச்சு சோதிக்க வேண்டாம். ஸ்ட்ரிப்புக்குள்ள இருக்குற பாகம் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமா தேயும், அதுல 'ப்ரொடெக்டட்' லைட் அணைஞ்சா ஸ்ட்ரிப்ப மாத்துங்க, சாதா பிளக்பாயின்ட்டாத்தான் அது இனி இருக்கும். நல்லா வானம் இருட்டுனா பிளக்க உருவிருங்க, இதவிட பெரிய டெக்னாலஜி இதுவரைக்கும் வரல.

ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் தனியா விக்கிது, மீட்டிங் நடுவுல ரவுட்டர் ரீபூட் ஆகுற தொல்லை அதோட தீந்துரும்.

டெபியன் லினக்ஸ் போடுங்கன்னு எப்பவும் சொல்றீங்க, அதுல எல்லாமே பழைய வெர்ஷன். ஆர்ச் லினக்ஸ்ல எல்லாம் லேட்டஸ்ட். டெபியன் போர் அடிக்காதா?
- தென்காசி கல்லூரி மாணவர்

போர் அடிக்கணும்னுதான் தம்பி போடுறது.

கத்துக்கிற வயசுல ஆர்ச் போடுங்க, உடைங்க, சரி பண்ணுங்க, நல்லது. வேலைக்கு உக்கார்ற மெஷின்ல அது வேண்டாம், நான் சொல்றது அவ்வளவுதான். டெபியன் ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவ வாக்குல புதுசு விடுவாங்க, 12 வந்தது 2023 ஜூன், 13 வந்தது 2025 ஆகஸ்ட். ஒவ்வொண்ணுக்கும் மூணு வருஷம் முழு சப்போர்ட், அதுக்கு மேல ரெண்டு வருஷம் எல்டிஎஸ் (நீண்டகால சப்போர்ட்). நடுவுல வர்றது பாதுகாப்பு ஓட்டைய அடைக்கிறதும் பெரிய பிழை திருத்தமும்தான், மெனு எடம் மாறாது, பட்டன் காணாம போகாது. 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்'னு ஒரு பேக்கேஜ் இருக்கு, அத போட்டுட்டா செக்யூரிட்டி அப்டேட் அதுவா இறங்கி அதுவா ஏறிக்கிடும். ப்ரவுசர், எடிட்டர் மாதிரி ஒண்ணு ரெண்டு மட்டும் புதுசு வேணும்னா ஃப்ளாட்பேக்ல போடுங்க, அடி சிஸ்டத்த தொடாது. இன்னொரு லினக்ஸான உபுண்டு எல்டிஎஸ்-ம் மோசமில்ல, அதுக்கும் அஞ்சு வருஷம் உண்டு.

டெஸ்க்டாப் (திரைல தெரியுற மெனு, விண்டோ) எதுன்னு அடுத்து கேப்பீங்க. நான் எக்ஸ்எஃப்சிஇ. அழகு சுமார்தான், ஆனா வருஷம் போனாலும் ஆளு மாறாது.

டெபியன்ல பைத்தான் (ப்ரோக்ராம் மொழி) சாமான் போட பிப் இன்ஸ்டால் அடிச்சா 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்'னு எரர் வருது. நெட்ல பாத்தா 'ப்ரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'னு ஒரு ஆப்ஷன் போடச் சொல்றாங்க. போடலாமா?
- குமுளி வாசகர்

ஆப்ஷன் பேருலயே உடைப்பேன்னு சொல்லுது, அப்புறமும் கேக்குறீங்களே. டெபியன் 12-ல இருந்து இப்படித்தான், சிஸ்டத்தோட பைத்தான நம்பி மத்த டூல் எல்லாம் ஓடுது, அதுல நீங்க கைய வைக்கக்கூடாதுன்னு தடுக்குறாங்க. ப்ராஜெக்ட்டுக்கு வென்வ் (தனி பைத்தான் ஃபோல்டர்) போடுங்க, தனி கமாண்ட் டூல்னா பிப்எக்ஸ். முடிஞ்சுது.

போடில ஏலக்கா வியாபாரம். கணக்கு எல்லாம் டேலில. விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சுன்னு பையன் லினக்ஸ் போடச் சொல்றான். மாறிரலாமா?
- போடிநாயக்கனூர் வாசகர்

மாறாதீங்க அண்ணாச்சி. பையன் சொன்னதுல பாதி சரி, விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிருச்சு, வீட்டு கம்ப்யூட்டருக்கு கூடுதலா ஒரு வருஷம் செக்யூரிட்டி அப்டேட்டுக்கு பதிவு பண்ணிக்கிடலாம்னு ஒரு ஏற்பாடு இருக்கு, அதுவும் 2026 அக்டோபரோட சரி. ஆனா டேலி விண்டோஸ்ல ஓடுற சாமான். லினக்ஸ்ல விண்டோஸ் சாமான ஓட்டுற வைன் போட்டு, அதுல ஏத்தி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் கடைசி நாள்ல டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் தெரியலன்னு முழிக்கிறதுக்கு பேரு சிக்கனம் இல்ல. தொழிலுக்கு எந்த சாஃப்ட்வேர் சோறு போடுதோ அது எதுல ஒழுங்கா ஓடுமோ அதான் உங்களுக்கு சரியான சிஸ்டம்.

உங்க மெஷின்ல டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு வசதியும் இன்டெல் எட்டாவது தலைமுறையோ மேலயோ சிபியுவும் இருந்தா விண்டோஸ் 11 முறையா ஏறும். இல்லன்னா புளியரை தம்பிக்கு சொன்ன அதே குட்டி டெஸ்க்டாப்ப வாங்கி அதுல 11 போட்டுக்கிடுங்க. அந்த மெஷின்ல டேலி, ப்ரவுசர், ப்ரின்டர் தவிர வேற எதையும் ஏத்த விடாதீங்க, முக்கியமா பையன ஏத்த விடாதீங்க. பழைய மெஷின பையன்ட்ட குடுத்து அதுல லினக்ஸ் போட்டுக்கிடச் சொல்லுங்க, ரெண்டு பேருக்கும் சந்தோஷம்.

எஸ்டேட்ல வீடு. மழைக்காலத்துல சுவர் எல்லாம் ஓதம், பீரோல வச்ச ஹார்டுடிஸ்க்கே பூத்துப் போச்சு. ஃபோட்டோவெல்லாம் ஆன்லைன் டிரைவ்ல சிங்க் ஆகுது, தனியா பேக்கப் வேணுமா?
- மூணாறு வாசகர்

வேணும். சிங்க் பேக்கப் ஆகாதுங்க. இங்க தெரியாம டெலீட் பண்ணா அங்கயும் டெலீட் ஆகும், அதுக்கு நீங்க பண்ணது தப்புன்னு தெரியாது. குப்பைத்தொட்டில கொஞ்ச நாள் கிடக்கும், அதுக்குள்ள கவனிச்சா உண்டு.

எல்லாரும் சொல்ற 3-2-1 கணக்குதான் நானும் வச்சிருக்கேன், மூணு காப்பி, ரெண்டு வேற வேற சாதனம், அதுல ஒண்ணு வேற ஊர்ல. உங்களுக்கு வேற ஊர் ரொம்ப முக்கியம், மலைல மண்ணு சரிஞ்சா ஒரே வீட்ல எத்தனை காப்பி இருந்தும் பிரயோஜனம் இல்ல. கீழ தேனிலயோ கம்பத்துலயோ சொந்தக்காரங்க வீட்ல ஒரு டிஸ்க்க குடுத்து வைங்க, ஊருக்குப் போகும்போது மாத்தி எடுத்துட்டு வாங்க. 'ரெஸ்டிக்'னு ஒரு டூல் இருக்கு, மாறுனத மட்டும் எடுக்கும், எல்லாத்தையும் பூட்டு போட்டுத்தான் எழுதும், அதனால மச்சான் வீட்ல டிஸ்க் இருந்தாலும் மச்சான் படிக்க முடியாது. அதோட பாஸ்வேர்ட மட்டும் பேப்பர்ல எழுதி வீட்டுப் பத்திரத்தோட வைங்க, அது தொலைஞ்சா உங்களுக்கும் திறக்காது.

ஓரமா எடுத்து வைக்கிற காப்பிக்கு எஸ்எஸ்டி வேண்டாம், கரண்டே குடுக்காம வருஷக்கணக்கா கிடந்தா அதுல டேட்டா நிக்கும்னு நம்ப முடியாது, பென்டிரைவும் அதே கதைதான். சுத்துற ஹார்டுடிஸ்க்தான் இதுக்கு. காத்துப் போகாத டப்பால சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட வச்சு மூடுங்க, ஜெல் நிறம் மாறுற வகையா வாங்குனா எப்ப காய வைக்கணும்னு அதுவே சொல்லும். கம்ப்யூட்டர் விஷயத்துல தலைகீழ், அத மூடி வைக்காதீங்க, தினம் ஓடட்டும். ஓடுற சூட்டுக்கு உள்ள ஈரம் தங்காது. லீவுக்கு ஊருக்குப் போயிட்டு வந்தா அறைய கொஞ்ச நேரம் திறந்து வச்சு மெஷின் காஞ்சதுக்கப்புறம் ஆன் பண்ணுங்க.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, பேக்கப்ல இருந்து எப்பவாவது நாலு ஃபைல் திருப்பி எடுத்துப் பாருங்க. நிறைய பேரு பேக்கப் எடுப்பாங்க, திருப்பி எடுக்கத் தெரியாது.

பசங்க எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளா ஸ்கூல்ல படிக்கிறாங்க, அங்க லேப்ல லினக்ஸ்தான். வீட்லயும் அதையே போட்டா எனக்கு தமிழ்ல டைப் பண்ண வருமா?
- களியக்காவிளை வாசகி

நல்லாவே வரும்மா. கேரளால 2001-ல ஐடி அட் ஸ்கூல்னு ஆரம்பிச்சு, இப்ப கைட்னு பேரு, அரசுப் பள்ளிக்கெல்லாம் அவங்களே உபுண்டுல இருந்து ஒரு லினக்ஸ் தயார் பண்ணிக் குடுக்குறாங்க. உங்க பசங்களே உங்களுக்கு சொல்லிக் குடுப்பாங்க. நம்ம பக்கமும் 2011-ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல விண்டோஸோட மத்திய அரசு நிறுவனமான சிடாக்கோட பாஸ் லினக்ஸும் ஏத்தித்தான் குடுத்தாங்க, யாரு அத பூட் பண்ணிப் பாத்தாங்கன்னுதான் தெரியல.

டைப் பண்ண 'ஐபஸ் எம்17என்' பேக்கேஜ் போடுங்க, அதுல தமிழ்99 கீபோர்டு முறையும் இருக்கு, அம்மான்னு ஆங்கில எழுத்துல அடிச்சா தமிழ்ல வர்ற ஃபொனெட்டிக்கும் இருக்கு. ஃபான்ட்டுக்கு நோட்டோ தமிழ். கடைல ப்ரின்ட் எடுக்கக் குடுக்கும்போது பிடிஎஃப்பாவே குடுங்க, அங்க ஃபான்ட் இல்லாம எழுத்து சிதறுற வம்பு இருக்காது.

மாசா மாசம் மெயின்டெனன்ஸ்னு நீங்க என்னதான் பண்றீங்க? உண்மைய சொல்லுங்க.
- ஆரியங்காவு வாசகர்

மாசா மாசம் ஒண்ணும் இல்ல. சீசனுக்கு ஒருதடவ. சாரல் எறங்குறதுக்கு முன்னாடி மூடிய கழட்டி பிரஷ்ஷால தூசி தட்டுவேன், ஈரம் பட்டுட்டா தூசி பிசினா ஒட்டிக்கிடும், அப்புறம் வராது. ஐப்பசிக்கு முன்னாடி யுபிஎஸ் பிளக்க புடுங்கி எத்தனை நிமிஷம் தாங்குதுன்னு பாப்பேன், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர். 'ஸ்மார்ட்மான்டூல்ஸ்' டிஸ்க்க அதுவா கவனிச்சுக்கிட்டு ஏதாச்சும்னா மெயில் போடும். டேட், டைம் தப்பா காட்ட ஆரம்பிச்சா மதர்போர்டுல இருக்குற சிஆர்2032 பட்டன் செல் போச்சுன்னு அர்த்தம், எந்த வாட்ச் கடைலயும் கிடைக்கும். டெபியன்ல புதுசு வந்தா உடனே தாவ மாட்டேன், முதல் திருத்த வெளியீடு வரட்டும்னு விட்டுருவேன்.

பையன் கேமிங்குக்கு கண்ணாடி சைடு வச்ச டவர், உள்ள ஆர்ஜிபி லைட்டுன்னு அடம் பிடிக்கிறான். வாங்கிக் குடுக்கலாமா?
- கூடலூர் வாசகர், தேனி மாவட்டம்

கேமிங்குன்னா டவர்தான் வேணும், அதுல தப்பில்ல. லைட்ட மட்டும் ராத்திரி அணைக்கச் சொல்லுங்க. லைட்டுக்கு பூச்சி வரும், பூச்சிக்கு பல்லி வரும், பல்லி பின்னாடி ஓட்டை வழியா உள்ள போய் பவர் சப்ளைல 230 வோல்ட்டோட விளையாடும், பல்லியும் போகும் சப்ளையும் போகும். குட்டி டெஸ்க்டாப்ல இந்த 230 வோல்ட் பெட்டிக்குள்ளயே வர்றதில்ல, டவர்ல வரும். பின்னாடி கார்டு மாட்டாத ஸ்லாட்டுக்கு தகரம் இருக்கான்னு பாத்து மூடுங்க, ஃபேன் முன்னாடி மெல்லிசா கொசுவலை மாதிரி ஃபில்டர் ஒட்டுங்க, அத மட்டும் பையனே கழுவி மாட்டணும்னு முதல்லயே பேசிக்கிடுங்க.